முல்லைக்குத் தேர், எத்தியோப்பியாவுக்குப் பாட்டு

பாரி தேரில் போய்க்கொண்டிருந்தான். வழியில் ஒரு முல்லைக்கொடி, பற்றிப் படரக் கொம்பில்லாமல் காற்றில் தள்ளாடியது. வள்ளலுக்கு மனசு கேட்கவில்லை. தேரை அதன் பக்கத்தில் நிறுத்தி, கொடியை எடுத்து அதன்மேல் படரவிட்டு, நடந்தே அரண்மனைக்குத் திரும்பினான். இரண்டாயிரம் வருஷமாக இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறோம். பறம்பு மலைக் காட்டில் ஒரு மூங்கில் குச்சிகூடவா கிடைக்கவில்லை என்று எந்தப் புலவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்று ராத்திரி அவருக்குச் சோறு கிடைத்திருக்காது.

எங்கள் வேங்கிக்காலில்தான் திருவண்ணாமலை மாவட்டக் கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர் நாள். அந்த முல்லைக்கொடி இங்கே வந்து மனு கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். மரத்தடியில் மனு எழுதுகிறவர், ‘பொருள்: படர்வதற்குக் கொம்பு வேண்டி’ என்று மூக்குக்கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு ஆரம்பிப்பார். மனுவுக்கு நம்பர் விழும். முல்லை தோட்டக்கலைக்குச் சேர்ந்ததா, காட்டில் இருப்பதால் வனத்துறைக்குச் சேர்ந்ததா என்று கொஞ்ச நாள் காகிதம் அங்கும் இங்கும் நடக்கும். அதற்குள் கொடி தானாகவே பக்கத்துப் புதரைப் பிடித்துப் படர்ந்திருக்கும். ஆனாலும் ஒன்று நிச்சயம். கடைசியில் வருவது கொம்பாகத்தான் இருக்கும். முல்லைக்குத் தேர் கொடுக்க எந்தக் குமாஸ்தாவும் கையெழுத்துப் போட மாட்டார். அதற்குப் பிரபலம் ஒருவர் வேண்டும்.

பேகன் இன்னும் ஒரு படி மேலே. மலையில் மயில் அகவியதைக் கேட்டான். பாவம், குளிரில் நடுங்குகிறது என்று தன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டான். மயிலுக்கு இறகு என்று ஒன்று உண்டு என்பதைக் கூட இருந்தவர்கள் யாரும் நினைவூட்டவில்லை. இதே பேகனின் வீட்டில் அவன் மனைவி கண்ணகி (மதுரையை எரித்தவள் இல்லை, இவள் வேறு) அழுதுகொண்டிருந்தாள். ஐயா வேறொரு பெண் வீட்டில். கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் என்று நாலு பெரிய புலவர்கள் வரிசையாகப் போய், எங்களுக்குப் பரிசு ஒன்றும் வேண்டாம், நீ வீட்டுக்குப் போ, அதுவே பரிசு என்கிற மாதிரி பாடி வைத்திருக்கிறார்கள். புறநானூற்றில் அடுத்தடுத்து இருக்கிறது. மலைப் பறவைக்குப் போர்வை கிடைத்த வேகத்தில் வீட்டுக்காரிக்கு நியாயம் கிடைக்கவில்லை. உலகத் தொண்டில் மூழ்கிய நட்சத்திரங்களின் குடும்ப வாழ்க்கை பற்றிப் பத்திரிகைகள் இன்று எழுதுவதெல்லாம் இதன் அடுத்த பதிப்புதான்.

பாரிக்கு வருவோம். மூவேந்தரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டபோது கபிலர் அவர்களுக்குச் சொன்ன செய்தி இது: முந்நூறு ஊரையும் கேட்டு வந்தவர்கள் ஏற்கெனவே வாங்கிப் போய்விட்டார்கள், மிச்சம் இருப்பது நானும் பாரியும் இந்த மலையும்தான், நீங்களும் பாடிக்கொண்டு வந்தால் அதையும் கொடுத்துவிடுவான். போர்க்களத்தில் இவ்வளவு கிண்டலாக ஒரு பத்திரிகைக் குறிப்பு அதற்கப்புறம் வெளிவந்ததில்லை. பாரி செத்தான். அவன் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கபிலர் விச்சிக்கோன் வாசலிலும் இருங்கோவேள் வாசலிலும் ஏறி இறங்கினார். இரண்டு பேரும் கைவிரித்தார்கள். முந்நூறு ஊர் வாங்கினவர்களில் ஒருத்தராவது, எங்கள் வீட்டில் வந்து இருங்கள் அம்மா என்று சொன்னதாகப் பாட்டு இல்லை. பயனாளிகள் பட்டியல் என்பது அப்போதே அப்படித்தான். அலைந்து திரிந்து கபிலர் வந்து சேர்ந்தது எங்களுக்குத் தெற்கே, தென்பெண்ணைக் கரையில் இருக்கும் திருக்கோவலூர். பாரி மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டு அவர் தீப்புகுந்ததாக அங்கே கோயில் கல்வெட்டே பேசுகிறது. ஆற்றில் நிற்கும் பாறைக்கு இன்றும் கபிலர் குன்று என்றுதான் பெயர்.

எங்கள் மாவட்டமும் இந்த விஷயத்தில் இளைத்ததில்லை. மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் போனால் செங்கம். சங்க காலத்தில் அது செங்கண்மா, நன்னன் சேய் நன்னனின் ஊர். அவனுடைய நவிரமலையைத்தான் இப்போது பர்வதமலை என்று சொல்லிக்கொண்டு மூச்சிரைக்க ஏறுகிறோம். அவன்மேல் பெருங்கௌசிகனார் பாடியது மலைபடுகடாம், 583 அடி. தமிழாசிரியர்கள் அதைப் பத்துப்பாட்டில் ஒன்று என்று பயபக்தியோடு நடத்துவார்கள். பயத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தால், நன்கொடை வாங்கித் திரும்பும் ஒரு கூத்தர் கோஷ்டி, வாங்கப் போகும் இன்னொரு கோஷ்டிக்குச் சொல்லும் யோசனைகள் அவை. எந்தப் பாதை நல்லது, பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காக்கிறவர்கள் விடும் கவண்கல்லிலிருந்து எப்படித் தலையைக் காப்பாற்றிக்கொள்வது, எந்தச் சிற்றூரில் என்ன சாப்பாடு, சேயாற்றை ஒட்டி எப்படி நடப்பது எல்லாம் இருக்கிறது. வெளிநாட்டு நிதிக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுத்தர இன்று நட்சத்திர ஓட்டலில் பயிலரங்கம் வைக்கிறார்கள். மதியச் சாப்பாடும் ஒரு பையும் தருவார்கள். பெருங்கௌசிகனார் பை தரவில்லையே தவிர, பாக்கி எல்லாம் தந்திருக்கிறார்.

இவ்வளவு தூரம் போனால் கிடைப்பது என்ன? நகை, தேர், குதிரை, மாடு, யானை. யானையைக் கொஞ்சம் கவனியுங்கள். நேற்றுவரை வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்த கூத்தன் கையில் ஒரு யானையின் கயிற்றைக் கொடுத்து அனுப்பினால் அவன் என்ன செய்வான்? அதுவரை அவன் வயிற்றுக்கு மட்டும்தான் அலைந்தான். சங்க இலக்கியம் பூராவும் யானை கொடுத்த கதை இருக்கிறது. யானைக்குத் தீனி போட்ட கணக்கைத் தேடினால் கிடைப்பதில்லை. கொடுத்த யானை ஒன்று உருப்படியாகப் பயன்பட்டதற்கு எனக்குத் தெரிந்து ஓர் அத்தாட்சிதான் உண்டு. இளவெளிமான் என்கிற சிற்றரசன் சரியாகக் கவனிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டு போன புலவர் பெருஞ்சித்திரனார், வள்ளல் குமணனிடம் ஒரு யானையை வாங்கி வந்து இளவெளிமானின் காவல் மரத்தில் கட்டினார். பார், கொடுக்கிறவன் இப்படிக் கொடுப்பான் என்று காட்டுவதற்கு. நிதி தந்த நிறுவனத்தின் ஜீப்பைக் கொண்டுபோய், தராத நிறுவனத்தின் வாசலில் நிறுத்துவதை நானும் பார்த்திருக்கிறேன்.

யானையைத் தாண்டி நம்மவர்கள் கல்லுக்கு வந்தார்கள். அண்ணாமலையார் கோயிலின் ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. யார் கட்டியது என்று ஊரில் யாரை எழுப்பிக் கேட்டாலும் கிருஷ்ணதேவராயர் என்பார்கள். ஆரம்பித்தவர் அவர். முடித்தவர் தஞ்சை செவ்வப்ப நாயக்கர். சிவநேசர், லோகநாதர் என்ற இரண்டு பேர் விடாமல் போய்க் கேட்டு முடிக்கவைத்தார்கள். ராயர் பெயருக்குப் பக்கத்தில் செவ்வப்பருக்கு அரை வரி. கேட்டு வாங்கினவர்களுக்கு அதுவும் கிடையாது. அடிக்கல் நாட்டும் படத்தில் நாற்பது பேர் நிற்பதும், வேலை முடிந்த நாளில் மேஸ்திரியும் சித்தாளும் மட்டும் சாந்துச் சட்டியைக் கழுவிக்கொண்டு இருப்பதும் அன்றைக்கே வழக்கத்துக்கு வந்துவிட்டது.

வெள்ளைக்காரப் பிரபலங்களும் எங்கள் ஊருக்கு வராமல் இல்லை. ஆனால் அவர்கள் கொடுக்க வரவில்லை. ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938-ல் ரமணாசிரமத்துக்கு வந்தார், மயங்கி விழுந்தார். மகரிஷியின் சக்தி தாக்கி மயங்கினார் என்று செய்தி பரவியது. எனக்கு இதற்கு முன்பும் மயக்கம் வந்திருக்கிறதே என்று அவரே பிற்பாடு எழுதினார், யாரும் கேட்கவில்லை. 1944-ல், மகரிஷியின் சாயலில் ஒரு சாமியார் வரும் அவருடைய ரேஸர்ஸ் எட்ஜ் நாவல் வந்தது, 1946-ல் ஹாலிவுட் படமானது. மகரிஷியோ, 1896-ல் ஊருக்கு வந்த அன்றைக்கே கையிலிருந்த மிச்சக் காசை அய்யங்குளத்தில் எறிந்தவர். ராயல்டியில் பங்கு கேட்கிற ஆள் இல்லை.

உலக அளவில் இந்தத் தொழிலுக்கு முறைப்படி பூஜை போட்டது 1954-ல். யூனிசெஃப் தலைவர் மாரிஸ் பேட்டும், ஆளைப் பார்த்தாலே சிரிப்பு வருகிற ஹாலிவுட் நடிகர் டேனி கேயும் ஒரு விமானத்தில் சந்தித்துக்கொண்டார்கள். அதில் விளைந்தது முதல் நல்லெண்ணத் தூதர் பதவி. டேனி கே ஆசியா முழுக்கச் சுற்றி, குழந்தைகளுக்கு எதிரே முகத்தைக் கோணிக் காட்டிப் படம் எடுத்தார். பார்த்தவர்கள் பணம் கொடுத்தார்கள். இவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னிடம் இருந்தது முகம் ஒன்றுதான், அதைக் கொடுத்தார், குழந்தையும் சிரித்தது. முல்லைக்குக் கொம்பு கொடுத்த கணக்கில் சேரும். 1965-ல் யூனிசெஃப்புக்கு நோபல் பரிசு கிடைத்தபோது ஆஸ்லோவுக்கு அவரையும் அழைத்துப் போனார்கள்.

அடுத்து வந்தது 1971. கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடிப் பேர் அகதிகளாக இந்தியாவுக்குள் வந்துவிட்டார்கள். சித்தார் கலைஞர் ரவிசங்கருக்குத் தாங்கவில்லை. ஒரு கச்சேரி வைத்து 25,000 டாலராவது தேற்றலாம் என்று சிஷ்யர் ஜார்ஜ் ஹாரிசனிடம் சொன்னார். சிஷ்யர் பீட்டில்ஸ் ஆசாமி ஆயிற்றே; கச்சேரி மேடிசன் ஸ்கொயர் கார்டன் வரைக்கும் போய்விட்டது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி, ஒரே நாளில் இரண்டு ஆட்டம். எரிக் கிளாப்டன், பாப் டிலன் எல்லாம் மேடையில். முதலில் ரவிசங்கரும் அலி அக்பர் கானும் அல்லா ரக்காவும் உட்கார்ந்தார்கள். சித்தாரை முறுக்கி, சரோதைத் தட்டி, தபலாவைச் சுத்தியலால் இரண்டு போடு போட்டு, சுருதி சேர்த்தார்கள். சேர்த்து நிறுத்தினதும் அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. சுருதி சேர்த்ததே இவ்வளவு பிடித்திருந்தால், வாசிப்பது இன்னும் பிடிக்கும் என்று நம்புகிறேன் என்று ரவிசங்கர் தன்மையாகச் சொன்னார். மார்கழி சபாக்களில் துக்கடாவுக்கு மட்டும் விழித்துக்கொள்கிறவர்களை நாம் இனிமேல் திட்டக் கூடாது.

டிக்கெட் வசூல் 2,43,418 டாலர் 50 சென்ட், யூனிசெஃப்புக்குப் போய்ச் சேர்ந்தது. இதுவரை சுபம். அப்புறம் இசைத்தட்டு வந்தது, படம் வந்தது, பணம் கொட்டியது. கொட்டிய இடத்தில் வருமான வரிக்காரர் உட்கார்ந்திருந்தார். தர்மக் கணக்கு என்று முன்கூட்டியே பதிவு செய்தீர்களா? செய்யவில்லை. பசித்தவனுக்குச் சோறு போடுகிற அவசரத்தில் அந்தப் படிவம் மறந்துவிட்டது. வருஷக்கணக்கில் பணம் முடங்கிக் கிடந்தது. 88 லட்சம் டாலருக்கு ஒரு பெரிய காசோலை யூனிசெஃப்புக்கு வந்தபோது 1981 ஆகியிருந்தது. 1971 டிசம்பரிலேயே போர் முடிந்து, அகதிகள் திரும்பிப் போய், வங்கதேசத்துக்கு ஐந்தாறு தலைவர்கள் மாறியும் ஆயிற்று. அகதி முகாமில் பிறந்த பிள்ளைக்குப் பால் வாங்கப் பாடிய பணம், அவன் நான்காம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது வந்து சேர்ந்தது. பிற்பாடு தர்மக் கச்சேரி வைத்தவர்கள் முதலில் ஆடிட்டரைப் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் பாடகரைத் தேடினார்கள்.

அப்படியும் 1984-ல் பாடகர் பாப் கெல்டாஃப் ஒன்றை விட்டுவிட்டார். எத்தியோப்பியப் பஞ்சத்தை பிபிசியில் பார்த்தார், துடித்துப் போனார், லண்டனில் இருந்த பாடகர்களை எல்லாம் ஒரே நாளில் ஒரு ஸ்டுடியோவுக்குள் அடைத்து ஒரு பாட்டு எடுத்தார். அவர்களுக்கு இது கிறிஸ்மஸ் என்று தெரியுமா என்று கேட்கிற பாட்டு. யாரைப் பார்த்து? எத்தியோப்பியா நான்காம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ ராஜ்யம் ஆன நாடு. இங்கிலாந்துக்கு அகஸ்டின் பாதிரியார் போய் இறங்கியதே 597-ல். எத்தியோப்பியர்கள் ஜனவரி 7-ஆம் தேதி கிறிஸ்மஸ் கொண்டாடுகிறவர்கள். லண்டன்காரர்களுக்குத்தான் அது தெரியாது. சாயங்கால விமானத்தில் வந்து இறங்கின ஒருவர் வேங்கிக்கால் டீக்கடையில் உட்கார்ந்து, உங்களுக்குக் கார்த்திகை தீபம் என்று ஒன்று உண்டே, தெரியுமா என்று எங்களைக் கேட்டால் எப்படி இருக்கும்? அதே பாட்டு, அங்கே ஆறே ஓடாது என்றும் வருத்தப்படுகிறது. நீல நைல் புறப்படுவதே எத்தியோப்பியாவின் டானா ஏரியில்.

பாட்டு விற்றது. மறு வருஷம் ஜூலை 13-ஆம் தேதி லைவ் எய்ட். லண்டனிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் ஒரே நாளில் கச்சேரி. பாடகர் ஃபில் காலின்ஸ் லண்டனில் பாடி முடித்துவிட்டு கான்கார்டு விமானத்தில் ஏறி ஃபிலடெல்ஃபியா போய் இன்னொரு முறை பாடினார். பஞ்ச நிவாரணத்துக்கு ஒலியைவிட வேகமாகப் பறந்தவர் என்ற பெருமை அவருக்கு மட்டும்தான். கோதுமை மூட்டைகள் துறைமுகத்திலிருந்து லாரி கிடைக்காமல் நகர்ந்த வேகம் வேறு. கெல்டாஃபுக்கு ஒரு நியாயம் உண்டு; சொல்லிவிடுகிறேன். லாரிதான் முடிச்சு என்று பிடிபட்டதும் பாட்டை விட்டுவிட்டு லாரி வாங்குகிற வேலையில் இறங்கினார் மனிதர். லாரி வாங்கியதைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை.

சொல்வதற்கும் கொடுப்பதற்கும் நடுவில் இருக்கிற பள்ளத்துக்கு உதாரணம் வேண்டுமானால் 2005 ஜனவரி, சுவிட்சர்லாந்தின் டாவோஸ். தான்சானியா ஜனாதிபதி பென்ஜமின் ம்காப்பா மலேரியா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். கூட்டத்திலிருந்து ஹாலிவுட் நடிகை ஷாரன் ஸ்டோன் எழுந்தார். கொசுவலைக்கு என் பங்கு 10,000 டாலர், வேறு யார் யார் என்றார். பேசிக்கொண்டிருந்த ஜனாதிபதி பேசாமல் நின்றார். ஐந்து நிமிஷத்தில் பத்து லட்சம் டாலர் அறிவிப்பு. அரங்கம் கலைந்தது, கைகள் பாக்கெட்டுக்குத் திரும்பின. வந்து சேர்ந்தது கிட்டத்தட்டக் கால் பங்குதான். மீதியை யூனிசெஃப் தன் பணத்தில் போட்டு வலை வாங்கி அனுப்பியது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் மொய் எழுதுகிறவர் ரொக்கத்தை எண்ணிப் பெட்டியில் போட்ட பிறகுதான் பேரை எழுதுவார். டாவோஸுக்கு அப்படி ஒரு பெரியப்பா தேவைப்பட்டார்.

நம் சினிமாக்காரர்கள் இதில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். 1962 சீனப் போரின்போது எம்.ஜி.ஆர். 75,000 ரூபாய் கொடுத்தார். ரிக்‌ஷாக்காரர்களுக்கு மழைக்கோட்டு வாங்கிக் கொடுத்தார். மழைக்கோட்டைப் பார்த்ததும் எனக்கு மரியாதை வந்துவிடுகிறது. மழையில் மிதிக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்று யாரோ பார்த்திருக்கிறார்கள். பாரி வழிவந்தவர் கொடுத்திருந்தால் ரிக்‌ஷாவுக்கு வெள்ளியில் குடை போட்டிருப்பார். எம்.எஸ். சுப்புலட்சுமி 1966-ல் ஐ.நா. சபையில் பாடினார், 1974-ல் மகசேசே விருது வாங்கினார். இடையில் தர்மக் கச்சேரிகளாகப் பாடிக்கொண்டே இருந்தார். வேங்கடேச சுப்ரபாதம் தினமும் விடியற்காலையில் தெருவுக்கே கேட்கிறது; அந்த ராயல்டி திருப்பதி தேவஸ்தானத்துக்குப் போகிறது. தூக்கம் கெட்டதாகக் கோபப்படுகிறவர்களும் அந்தப் புண்ணியத்தில் பங்காளிகள்தான்.

எங்கள் ஊர் என்றால் ரஜினிகாந்த். அண்ணாமலை, அருணாச்சலம் என்று ஒரே மலையின் பேரில் இரண்டு படத்தில் நடித்தவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்கும். 1997-ல் வந்த அருணாச்சலத்தில் அவருக்கு ஒரு கஷ்டம். முப்பது நாளில் முப்பது கோடி ரூபாயைச் செலவழித்துத் தீர்க்க வேண்டும், கையில் ஒன்றும் மிஞ்சக் கூடாது. அப்படிச் செய்தால் மூவாயிரம் கோடி. மனிதர் படம் முழுக்க முழி பிதுங்குவார். எங்கள் தெருவுக்கு வந்து இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து நடத்தியிருந்தால் பதினைந்தே நாளில் காசு காலி.

நிஜத்தில் அவர் செய்தது, கிரிவலப் பாதைக்குத் தன் செலவில் சோடியம் விளக்குப் போட்டுக் கொடுத்தது. 1990-களில் நடந்தது. அதற்கு முன் பதினாலு கிலோமீட்டரும் ராத்திரியில் கும்மிருட்டு. நாயையும் பாம்பையும் தெய்வத்தையும் நம்பி நடக்க வேண்டும். கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், பௌர்ணமியில் கிரிவலம் போ என்று சொன்ன பெரியவர்களுக்கு ஆன்மிகக் காரணத்தோடு தெருவிளக்குக் காரணமும் இருந்திருக்கும். கலெக்டர் ஆபீஸ் எதிரே டீ ஆற்றிக்கொண்டே ஒருவர் என்னிடம் சொன்னார்:

“அப்பல்லாம் நிலா இருந்தாத்தான் சார் ஜனம் சுத்தும். இப்ப அமாவாசைலகூட சுத்துது. தலைவர் லைட்டு போட்டாரு, நிலாவுக்கு வேலை போச்சு.”

“லைட்டு எரியுதா இன்னும்?”

“போட்டது தலைவரு. எரிய வைக்கிறது யாரு? பஞ்சாயத்துல ஒரு ஆளு ஏணியைத் தூக்கிக்கிட்டு வருவான் பாருங்க, அவன்தான். அவன் பேரு எனக்கே தெரியாது சார். நம்ம கடையிலதான் டீ குடிப்பான்.”

விளக்கு நல்ல கொடை. தேரும் யானையும் கொடுத்த பரம்பரையில் ஒருவர் கொம்பு கொடுத்திருக்கிறார் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் கம்பம் நடுவது ஒரு நாள் கூத்து, கரண்ட் பில் மாதா மாதம். அந்த பில்லுக்கு ரசிகர் மன்றம் கிடையாது.

இதே ரஜினி 2002 அக்டோபர் 13-ஆம் தேதி காவிரிக்காகச் சென்னையில் ஒரு நாள் உண்ணாவிரதம் இருந்தார். நதிகளை இணைக்கும் திட்டம் வந்தால் ஒரு கோடி ரூபாய் தருவேன் என்றார். 2017-ல் விவசாயிகள் சங்கத் தலைவர் அய்யாக்கண்ணு போயஸ் தோட்டத்துக்குப் போய் அதை ஞாபகப்படுத்தினார். தருகிறேன் என்ற பதில்தான் வந்தது. கங்கை இன்னும் காவிரியைப் பார்க்கப் புறப்படவில்லை. ஒரு கோடியும் நதியும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டிருக்கின்றன. இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நதியைத் தவிர.

எல்லா வள்ளல்களும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் கூடியதைத் தமிழ்நாடு ஒரு முறை பார்த்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அப்புறம், கடலூரிலிருந்து குமரி வரை. இந்தி நடிகர் விவேக் ஓபராய் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்தில் வந்து தங்கினார். மும்பையிலிருந்து அறிக்கை விடாமல் வந்து நின்றதற்கே ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். 2005 மே மாதம் பில் கிளிண்டன் ஐ.நா. தூதராக நாகப்பட்டினம் வந்தார். லாரி லாரியாகப் பழைய துணி வந்தது. எல்லாம் இழந்தவர்கள் அதை எடுக்க மறுத்தார்கள். நாகை ரோட்டோரங்களில் துணி மலையாகக் கிடந்து மக்கியது. இலங்கைக் கரைக்கு வந்த மூட்டைகளில் பனிக்காலத் தொப்பியும் குதிகால் செருப்பும் இருந்ததாகச் செய்தி. பேகனின் கை நீளம் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

துணியைவிடப் பெரிய கூத்து படகு. எல்லாருக்கும் படகு கொடுக்க ஆசை. வீடு கட்டினால் இரண்டு வருஷம், நிலத்துக்குப் பட்டா, மணல் விலை, ஆயிரம் தலைவலி. ஃபைபர் படகு அப்படி இல்லை. வாங்கலாம், வண்ணம் அடிக்கலாம், வரிசையாகக் கரையில் நிறுத்தி ஒரே நாளில் சாவி கொடுக்கிற மாதிரி படம் எடுக்கலாம். (படகுக்குச் சாவி கிடையாது, இருந்தாலும் ஒரு பெரிய அட்டைச் சாவி செய்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?) முக்கியமாக, படகின் விலாவில் கொடுத்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதலாம். முடிவில், அலை அடிப்பதற்கு முன் இருந்ததைவிடப் படகு அதிகமாகிவிட்டது. வள்ளல்கள் அதிகமானார்கள், படகும் அதிகமானது, மீன் மட்டும் அதே அளவு. கூலிக்குக் கடலுக்குப் போனவர் படகுக்குச் சொந்தக்காரர் ஆனார். அந்தப் படகில் ஏறக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை. வலையும் எஞ்சினும் இல்லாத படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. வெயிலுக்கு நிழல் என்று ஆடுகள் அதன் கீழே படுத்துக்கொண்டன. ஆடுகளுக்கு அது உருப்படியான உதவி.

பெயர் எழுதினார்கள் என்பதற்காக எந்தப் படகும் தண்ணீரில் இறங்க மறுக்கவில்லை. எங்கள் ஊரில் மறுத்தவர் ஒருவர் உண்டு.

ஹொய்சள ராஜா மூன்றாம் வீர வல்லாளன், 14-ஆம் நூற்றாண்டு. துவாரசமுத்திரத்தில் நிம்மதியாக இருக்க முடியாமல் திருவண்ணாமலையைத் தலைநகரம் ஆக்கிக்கொண்டவர். கடைசியில் மதுரை சுல்தானோடு நடந்த சண்டையில் செத்தார். எங்களுக்கு அவர் வள்ளாள மகாராஜா. அவர் பெயரில் கோயிலுக்குள் ஒரு கோபுரம் இருக்கிறது. கோபுரம் எழும்பி முடிந்ததும் ராஜா அண்ணாந்து பார்த்து, இதை நான் கட்டினேன் என்று ஒரே ஒரு தடவை நினைத்துக்கொண்டாராம். கல்வெட்டில் பொறிக்கக்கூட இல்லை, நினைத்தார், அவ்வளவுதான். உற்சவம் ஆரம்பித்தது. சுவாமி அலங்காரத்தோடு புறப்பட்டார். வள்ளாள கோபுர வாசல் வந்தது. அந்த வழியாக வர மாட்டேன் என்றுவிட்டார். அன்றைக்கு வேறு வாசல். மறுநாளும் அதே பிடிவாதம். ஒன்பது நாள் இப்படிப் போனது. தூக்குகிறவர்கள் ஒவ்வொரு நாளும் வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருப்பார்கள். அவர்கள் தோள்பட்டை பற்றிப் புராணத்தில் ஒன்றும் இல்லை. ராஜாவுக்கு விஷயம் உறைத்து, அழுது, மன்னிப்புக் கேட்டு, பத்தாம் நாள்தான் சுவாமி அந்த வாசல் வழியாக வந்தார். பிள்ளை இல்லாத அவருக்குத் தானே பிள்ளையாகி, மாசி மாதத்தில் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிற பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். இன்றுவரை வருஷம் தவறாமல் போய் வருகிறார்.

கர்வம் அடங்கிய ராஜாவைக் கௌரவிக்க வேண்டாமா? கோபுரத்துக்கு அவர் பெயரையே வைத்து, உள்ளே அவருக்கு ஒரு சிலையும் வைத்தார்கள்.